கிளாரா பீட்டர்ஸ் கேள்வியில் கோட்டைவிட்ட கதை

எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுகலை) முதலாண்டில் மேற்கத்திய ஓவிய வரலாற்றுத் தேர்வுக்குத் திரையில் ஐந்து படங்கள் காட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். வரைந்தவர், ஊர், காலம் எழுதிவிட்டுப் படத்தை விளக்க வேண்டும். நான்காவதாக வந்தது சீஸ், பாதாம், பிரெட்சல் பரப்பிய ஒரு மேசை. உள்ளுக்குள் ஒரே குஷி, முந்தின இரவுதான் படித்திருந்தேன். 'கிளாரா பீட்டர்ஸ், 1594இல் ஆண்ட்வெர்ப்பில் பிறந்தார், 1639இல் திருமணம்' என்று மளமளவென எழுதி, மிச்சப் பக்கத்தை 'வாழ்வின் நிலையாமை' என்று நிரப்பினேன். இருபதுக்கு ஆறு.

விடைத்தாள் ஓரத்தில் ஒரு கழித்தல் கணக்கு மட்டும் இருந்தது: 1607 – 1594 = 13. தேதியிட்ட அவருடைய மிகப் பழைய ஓவியம் 1607ஆம் ஆண்டினது. பதின்மூன்று வயதில் வரையக் கூடாது என்று சட்டமில்லை, ஆனால் அந்தக் கை குழந்தைக் கை அல்ல. 1594 என்பது ஆண்ட்வெர்ப் தேவாலயப் பதிவில் உள்ள ஒரு கிளாராவின் ஞானஸ்நான ஆண்டு. அந்த ஊரில் அந்தப் பெயர் அபூர்வமானது இல்லை. அவர்தான் இவர் என்பதற்குச் சான்று கிடையாது. ஓவியர் சங்கப் பதிவேடுகளிலும் இவர் பெயர் இல்லை. ஆண்ட்வெர்ப் என்று சொல்லும் தைரியமே, சில ஓவியப் பலகைகளின் பின்னால் இருக்கும் அவ்வூர் முத்திரையால் வருவதுதான். ஆகவே பிறப்பு, திருமணத்தை விட்டுவிட்டு '1607 முதல் 1621 வரை இயங்கியவர்' என்று எழுதுங்கள்.

அரியருக்குப் படிக்கும்போது முறையை மாற்றினேன். குறிப்பை மூடிவைத்துவிட்டு, அதே படத்தை அரைமணி நேரம் பார்த்தேன். மூலம் நெதர்லாந்தில் த ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, சுமார் 1615. 34.5 × 49.5 செ.மீ. தான், ஏ3 தாளைவிடக் கொஞ்சம் பெரியது. அடுக்கிய சீஸ்களின் உச்சியில் ஒரு தட்டு, அதில் சுருள்சுருளாக வெண்ணெய். சீஸோடு வெண்ணெய் சேர்வது சாத்தானின் வேலை என்று அந்தப் பக்கத்தில் ஒரு சொலவடை உண்டு. நம் முறுக்கின் தூரத்துச் சொந்தம் மாதிரி பிரெட்சல். மேசை விளிம்பில் வெள்ளிக் கத்தி, அதன் பக்கவாட்டில் கிளாரா பீட்டர்ஸ் என்ற பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. இப்படிக் கத்திகளைக் கல்யாணப் பரிசாகக் கொடுப்பது அக்கால வழக்கம். அதை வைத்து அவருக்குக் கல்யாணம் ஆனது என்று முடிவுகட்டாதீர்கள். பெயர் பொறித்த கத்தி அவருடைய வேறு படங்களிலும் வருகிறது, அவருக்கு அதுதான் கையெழுத்து.

அப்புறம் ஜாடி மூடி. போனில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. பளபளக்கும் உலோகத்தில் கடுகளவு முகம், தலையில் வெள்ளைத் துணி. வரைந்துகொண்டிருக்கும் அவரேதான்! இதைப் பார்க்காமலா ஒரு பக்கம் நிலையாமை எழுதினேன் என்று வெட்கமாக இருந்தது. தன்னைப் பற்றி ஆவணம் எதுவும் விடாமல் போனவர், மூடியில் முகத்தை விட்டுவைத்திருக்கிறார்.

இன்னும் இரண்டு விஷயம். 'டச்சு' என்று எழுதிவிடாதீர்கள். ஆண்ட்வெர்ப் இருந்தது அப்போது ஸ்பெயின் ஆட்சியிலிருந்த தெற்கு நெதர்லாந்தில், அதாவது இன்றைய பெல்ஜியத்தில். மாட்ரிட்டின் பிராடோவில் அவருடைய நான்கு ஓவியங்கள் உள்ளன. மீன், நண்டு, ஆர்ட்டிசோக் உள்ள 1611ஆம் ஆண்டுப் படம் அவற்றில் ஒன்று. 1819இல் திறந்த அந்த அருங்காட்சியகம் ஒரு பெண் ஓவியருக்கென்று தனிக் கண்காட்சி வைத்தது 2016இல்தான், இவருக்கு. அதே ஊர், அதே கால ஓவியரான ஓசியாஸ் பேர்ட்டோடு இவரைக் குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. பேர்ட் மேசையை மேலிருந்து காட்டுவார், பொருள்கள் தள்ளித்தள்ளி இருக்கும். இந்தச் சீஸ் படத்தில் பார்க்கும் கண்மட்டம் கீழே இறங்கிவிடுகிறது, பொருள்கள் ஒன்றை ஒன்று மறைக்கின்றன.

அரியர் தேர்வில் வந்தது 1612ஆம் ஆண்டுப் படம், பூக்களும் பொன்முலாம் பூசிய கிண்ணங்களும். வலப்பக்கக் கிண்ணத்தின் புடைப்புகளில் அவர் முகம் திரும்பத் திரும்ப வரும் என்று தெரியும். எங்கள் புரொஜெக்டரில் எல்லாம் ஒரே மஞ்சள் மங்கல். சரி என்று, முகங்கள் இருக்கும் இடத்தை மட்டும் குறித்து எழுதினேன். இருபதுக்குப் பதினைந்து. படம் இருக்கும் கார்ல்ஸ்ரூ நகரை ஜெர்மனியிலிருந்து தூக்கி ஹாலந்தில் வைத்துவிட்டேன்.