பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை

வடசென்னைக் கடலோரத்தில் உயரமான ஒரு புகைபோக்கி. அதிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடு எந்த இடத்தில் எவ்வளவு தரைக்கு வரும் என்று, புகை பரவுவதைக் கணிக்கும் ஏர்மாட் என்ற கணினி மாதிரியில் கணக்கிடுவதுதான் என் முதல் பெரிய வேலை. கணக்கு சரியா என்று பார்க்க, கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே ஒரு வீட்டு மொட்டை மாடியில், காற்றை இழுத்து அதிலுள்ள வாயுவைப் பிடிக்கும் சாம்ப்ளர் வைத்தோம். முதல் நாளே அந்த வீட்டு அம்மா சொன்னார்: "காலையில ஒண்ணும் தெரியாது தம்பி. மத்தியானம் கடக்காத்து வந்ததும் கண்ணு எரியும்." தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

ஐஸ் கட்டிகளுக்கு நடுவே குப்பி நிற்கும். அதிலுள்ள கரைசலுக்குள் நான்கு மணி நேரம் காற்று குமிழியிட வேண்டும். ஐஸ் உருகினால் பிடித்த வாயு வீணாகும். ஏப்ரல் வெயிலில் ஐஸ் வாளியோடு படியேறி இறங்கியே முழங்கால் விட்டுப்போனது. ஆய்வுக்கூடத்தில் சாயம் சேர்த்ததும் காலைக் குப்பி லேசாக நிறம் மாறும். மத்தியானக் குப்பியோ ஊதா கலந்த சிவப்பாக அடர்ந்துவிடும். ஏர்மாட் அந்த இடத்துக்குச் சொன்னதைவிட அளவு பல மடங்கு அதிகம்.

காற்றோட்டத்தை அளக்கும் ரோட்டாமீட்டரைச் சந்தேகப்பட்டேன், கரைசலைச் சந்தேகப்பட்டேன், உமிழ்வுக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். இரண்டு மாதம் போனது.

ஒரு மதியம் கடற்கரையிலிருந்து புகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடற்காற்றில் அது பிரியாமல், இழுத்துக் கட்டிய கயிறுபோல ஊருக்குள் போனது. ஒரு தூரம் போனதும் சட்டென்று உடைந்து கீழே சரிந்தது. சரிந்த திசையில்தான் அந்த வீடு.

கடலிலிருந்து வரும் காற்று குளிர்ந்து அடங்கியிருக்கும். சுடும் தரைமேல் வந்ததும் அடியிலிருந்து புரளத் தொடங்கும். புரளும் அந்த அடுக்கு கரையோரத்தில் தாழ்வாக இருக்கும், உள்ளே போகப் போக உயரும். அடங்கிய அடுக்கில் கலையாமல் போகும் புகையை அது தொடும் இடத்தில், புகை மொத்தமாகத் தரைக்கு இழுக்கப்படும். ஏர்மாட் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் முழுப் பகுதிக்கும் ஒரே வானிலையை எடுத்துக்கொள்வதால், கரை எங்கே இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது. மேல்காற்றுக்கு நான் கொடுத்ததும் மீனம்பாக்கத்தில் காலை, மாலை 5.30க்கு விடும் பலூன் தரவு. மத்தியானம் அதில் இல்லவே இல்லை.

கரையோரக் கோட்டைக் கொடுத்து, கரையிலேயே அளந்த காற்றையும் சேர்த்து, கரையைக் கணக்கில் எடுக்கக்கூடிய கால்பஃப் என்ற இன்னொரு கணினி மாதிரியில் மறுபடி ஓட்டினேன். கடற்காற்று நாட்களில் கணக்கு, மாடியில் அளந்த அளவுக்கு நெருங்கி வந்தது. வடகிழக்குப் பருவக்காற்று நாட்களுக்குப் பழைய கணக்கே போதுமானதாக இருந்தது.

நம் நாட்டில் கந்தக டை ஆக்சைடுக்கு 24 மணி நேர வரம்பு ஒரு கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம். அந்தச் சராசரியில் மத்தியான எரிச்சல் காணாமல் போய்விடும். எனக்கு அது இன்றும் பொறுக்கவில்லை. அதனால் அறிக்கையில் நான்கு மணி நேர அளவுகளைத் தனித்தனியாக அட்டவணை போட்டேன். பன்னிரண்டிலிருந்து நாலு வரையிலான வரிசைக்குக் கீழே, அந்த அம்மா முதல் நாள் சொன்னதை அப்படியே எழுதிவைத்தேன்.