பதினாலு மஞ்சப்பையும் மூன்று ஃபேனும்

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் பதினாலு மஞ்சப்பை தொங்குகிறது. பாதி கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகள். காந்தி மார்க்கெட்டோ தெருமுனைக் கடையோ, பை எடுக்காமல் படி இறங்க மாட்டேன். 2019-ல் கேரி பேக்குக்குத் தடை வந்தபோது, "நான் எப்பவோ விட்டாச்சு" என்று ஆபீசில் பீற்றிக்கொண்டவள்.

தொழில் கணக்கெழுதுவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கரியமில வாயுவுக்கும் கணக்குப் பார்க்கலாம் என்று உட்கார்ந்ததுதான் வினை. கரண்ட் பில் மாதிரியே இரண்டு மாதத்துக்குப் போட்டேன். ஸ்கூட்டர்: ஆபீஸ் போய்வர 14 கிலோமீட்டர், எல்லாம் சேர்த்து 15 லிட்டர் பெட்ரோல் சொச்சம். லிட்டருக்கு 2.3 கிலோ என்றால் சுமார் 36 கிலோ. கேஸ்: 14.2 கிலோ சிலிண்டர் நாற்பது நாள் வரும். கிலோவுக்கு மூன்று கிலோ என்று வைத்தால் 60-ஐத் தாண்டுகிறது. கரண்ட்: 541 யூனிட். நம் நாட்டில் பெரும்பாலும் நிலக்கரி எரித்துத்தான் கரண்ட் வருகிறது, யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. கிட்டத்தட்ட 380 கிலோ!

அந்த இரண்டு மாதத்தில் நான் வாங்காமல் விட்ட கேரி பேக்கெல்லாம் சேர்த்து எடை போட்டால் ஒரு கிலோ பிளாஸ்டிக் தேறாது. பிளாஸ்டிக்கின் பாவம் சாக்கடையிலும் மாட்டு வயிற்றிலும் இருக்கிறது. அது வேறு கணக்கு. பை எடுப்பதை விடவில்லை, பீற்றுவதை விட்டுவிட்டேன்.

வீட்டில் மூன்று ஃபேன், மூன்றும் பழசு, ஒவ்வொன்றும் 75 வாட். திருச்சி வெயிலுக்கு நாளுக்குப் பதினாறு மணி நேரம் ஓடும். பிஎல்டிசி ஃபேன் (கரண்டை மிச்சம் பிடிக்கும் புது வகை மோட்டார் வைத்தது) 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. மூன்றையும் மாற்றினேன். சுவரிலிருக்கும் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு ரிமோட்டைக் கொடுத்துப் போனார் எலக்ட்ரீஷியன். அத்தை (மாமியார்தான்) அந்த ரிமோட்டைச் சாமி ஷெல்ஃபில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

மூன்றாம் நாள் காலை, "சத்தமே இல்லடி, ஓடுதா இல்லையான்னு பார்த்துப் பார்த்தே விடிஞ்சிடுச்சு. என் ஃபேனை மாட்டிக் குடு" என்றார். அவர் அறையில் மட்டும் பழசு திரும்ப ஏறியது. இரண்டு ஃபேன் மாற்றியதிலேயே 86 யூனிட் குறைய வேண்டும் என்பது என் கணக்கு. அடுத்த ரீடிங் 452. 500-ஐத் தாண்டினால் முன்பகுதி யூனிட்டுக்கே கூடுதல் விலை போட்டுவிடுவார்கள், அதனால் பில்லும் நன்றாகவே இறங்கியது.

அந்தத் தெம்பில் அத்தையிடம் மறுபடி பேச்சை எடுத்தேன். "உன் ரூம்ல ராத்திரி முழுக்க ஏசி ஓடுது. என் ஃபேன்தான் உன் கண்ணை உறுத்துதா?"

பதில் இல்லை. எங்கள் ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு யூனிட் வரை இழுக்கிறது. அத்தையின் ஃபேனைப் போலப் பதின்மூன்று ஃபேன் ஓட்டலாம். ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. 22-லிருந்து 26-க்கு ஏற்றி, கூடவே புது ஃபேனையும் ஓடவிட்டுப் படுத்தேன். போர்வை இல்லாமல் நல்ல தூக்கம்.

விடிந்து ரிமோட்டைப் பார்த்தால் 22. மகனைக் கேட்டால், "நான் தொடவே இல்லம்மா" என்கிறான். போர்வை மட்டும் அவன் தலைவரைக்கும் இருந்தது.