கோடை மழைக்கு முன் பூக்கள், பின் களைகள்

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று ஏடுகள் சொன்னாலும், எங்கள் ஈரோட்டுப் பக்கத்தில் அவை வெயிலின் உச்சத்தில் இருக்கும் மாதங்கள். ஆனால் வீட்டுத் தோட்டத்தின் மண் காய்ந்து வெடித்துக் கிடக்கும் பங்குனியிலேயே வேம்பு பூத்துவிடுகிறது, புளி கொழுந்து விடுகிறது, முருங்கை இலை தெரியாத அளவுக்குப் பூத்து நிற்கிறது. ஆழத்தில் வேர் ஓடிய மரங்களுக்கு மேல்மண்ணின் வறட்சி ஒரு பொருட்டல்ல. அதன்பின் சித்திரையில் ஒரு நல்ல கோடை மழை பெய்தால், அதுவரை விதையாக உறங்கிக் கிடந்த கீரைகளெல்லாம் பாத்தி ஓரங்களிலும் கிணற்றடியிலும் ஒருசேர முளைக்கின்றன. மழைக்கு முன் மரத்துப் பூவும் கொழுந்தும், மழைக்குப் பின் தரையில் முளைக்கும் களைகளும் என்று இந்தப் பருவம் எங்கள் சமையலறைக்கு இரண்டு தவணைகளாக வந்து சேர்கிறது. நாம் விதைக்காமல் வருபவை என்பதற்காகவே அவற்றைப் பெயர் தெரியாமல் பிடுங்கி எறிவது பெரிய இழப்பு என்பது என் உறுதியான எண்ணம்.

வேப்பம்பூவிலிருந்து தொடங்குகிறேன். கிளையில் ஏறி அதைப் பறிக்க வேண்டியதில்லை. மாலையில் மரத்தடியைக் கூட்டிவிட்டு, பழைய பருத்திச் சேலை ஒன்றை விரித்து நான்கு மூலைகளிலும் கல் வைத்துவிட்டால், விடியும்போது தேன் வாசனையுடன் பூக்கள் அதில் உதிர்ந்திருக்கும். வெயில் ஏறுவதற்கு முன் அள்ளி, முறத்தில் இட்டுப் புடைத்து, காம்பையும் சருகையும் நீக்கி உலர்த்த வேண்டும். கையில் எடுத்து நெரித்தால் நொறுங்கும் பதம் வரும் வரை காய்வது முக்கியம். சிறிது ஈரம் தங்கினாலும் பூசணம் பிடித்துவிடும். நன்றாகக் காய்ந்த பூவைக் காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில் வைத்தால் அடுத்த பங்குனி வரை வாசனை குறையாமல் இருக்கும்.

தமிழ்ப் புத்தாண்டு அன்று மாங்காயும் வெல்லமும் சேர்ந்த பச்சடியில் ஒரு சிட்டிகை தூவுவதோடு பல வீடுகளில் வேப்பம்பூவின் வேலை முடிந்துவிடுகிறது. அந்தப் பச்சடியை நான் விரும்புகிறேன் என்றாலும், இந்தப் பூவின் முழுச் சுவை ரசத்தில்தான் வெளிப்படுகிறது. நெய்யில் மிகக் குறைந்த தீயில், பூ கருஞ்சிவப்பாகும் வரை பொறுமையாக வறுக்க வேண்டும். அப்போது கசப்பு அடங்கி, வறுத்த காப்பிக்கொட்டையை நினைவூட்டும் மணம் எழும். புளிக்கரைசல், உப்பு, பெருங்காயம், வரமிளகாய், கடுகு ஆகியவற்றோடு ரசம் தயாராகி நுரை கட்டிய பிறகு, இறக்கும் நேரத்தில்தான் பூவைச் சேர்க்க வேண்டும். ரசத்தோடு சேர்த்துக் கொதிக்க விட்டால் கசப்பு நீரில் இறங்கி மற்ற சுவைகளை மூடிவிடும். வறுத்த பூவை உப்பு, மிளகாய், உளுந்து ஆகியவற்றோடு பொடித்து வைத்துக்கொண்டால், சூடான சோற்றில் நெய்யோடு பிசைந்து முதல் கவளமாக உண்ணலாம். பூவை உண்ணலாம் என்பதால் வேம்பின் எல்லாப் பகுதிகளையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. குறிப்பாக வேப்பெண்ணெய் சிறு குழந்தைகளின் வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து நேரலாம். கருவுற்ற பெண்களும் வேம்பைத் தவிர்ப்பது நல்லது.

புளியங்கொழுந்தை எங்கள் பக்கத்தில் குழந்தைகள் மரத்தடியில் நின்று மெல்வதோடு சரி, சமையலுக்குப் பலர் எடுப்பதில்லை. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இதே கொழுந்துக்குக் கோடையின் தொடக்கத்தில் சந்தையில் நல்ல விலை உண்டு. துவரம்பருப்போடும் இறைச்சியோடும் சேர்த்து அவர்கள் சமைப்பதைச் சிறப்பு உணவாகவே கருதுகிறார்கள். இலை முழுதாக விரிந்து கடும்பச்சை ஆவதற்கு முன், தொட்டால் பட்டுப்போல் இருக்கும் பருவத்தில் அதைக் கிள்ள வேண்டும். இரு உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்து லேசாகத் தேய்த்தால் நாரும் காம்பும் தனியே பிரிந்து வரும். உளுந்து, வரமிளகாய், சிறிது தேங்காய் ஆகியவற்றை வறுத்து, வதக்கிய கொழுந்தோடு கொரகொரப்பாக அரைத்தால் புளி சேர்க்காமலே புளிப்பான துவையல் கிடைக்கும்.

முருங்கைப்பூவைப் பறித்தால் காய் குறைந்துவிடும் என்று தயங்குபவர்கள் உண்டு. ஆனால் பூப்பவற்றில் மிகச் சிலவே காயாகின்றன. மற்றவை தாமாகவே உதிர்ந்துவிடுகின்றன. ஆகவே காலையில் புதிதாக உதிர்ந்த பூக்களை எடுத்தாலே ஒரு வேளைப் பொரியலுக்குப் போதும். மொட்டுகளுக்குள் சிறு புழு இருக்கக்கூடும் என்பதால் ஒவ்வொன்றையும் விரல்களால் திறந்து பார்த்துவிட்டு, உப்பு நீரில் அலசிச் சின்ன வெங்காயத்தோடும் பாசிப்பருப்போடும் சமைக்கலாம். முட்டையோடு கிளறினால் இன்னும் சிறக்கும். பூசணிக்கொடி பூத்திருந்தால், அடியில் பிஞ்சு இல்லாத ஆண் பூக்களை மட்டும், மகரந்தச் சேர்க்கைக்குச் சிலவற்றை விட்டுவைத்துவிட்டுப் பறிக்கலாம். நடுவிலுள்ள மகரந்தத் தண்டை நீக்கிவிட்டு, கடலை மாவில் தோய்த்துப் பொரித்தால் குழந்தைகள் கேட்டு வாங்கி உண்பார்கள்.

மழைக்குப் பின் வரும் தவணையே எனக்கு மிகவும் நெருக்கமானது. மண் நன்றாக நனைந்த சில நாட்களிலேயே குப்பைக்கீரை, பருப்புக்கீரை, பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, மூக்கிரட்டை, சாரணை, புளியாரை, நல்வேளை என்று தரை நிறைந்துவிடுகிறது. இவற்றை எடுக்கும் பருவத்தை என் அம்மாயி (அம்மாவின் அம்மா) ஒரே வரியில் சொல்லிக் கொடுத்தார்: “பூ விட்டதுக்கு அப்பறம் பறிக்காத கண்ணு, நார் ஓடிப் போயிரும்.” பூங்கதிர் வெளிவருவதற்கு முன் நுனியை மட்டும் கிள்ளினால், கீரை இளசாக இருப்பதோடு பக்கக் கிளைகள் வெடித்து மறுபடியும் பறிக்கக் கிடைக்கிறது. வேரோடு பிடுங்கினால் அன்றோடு முடிந்துவிடும்.

ஒவ்வொன்றையும் அடையாளம் காண்பதுதான் இதில் கற்க வேண்டிய முதற்பாடம். பருப்புக்கீரை தரையோடு படர்ந்து, சிவந்த வழவழப்பான தண்டும் தடித்த சிறு இலைகளும் கொண்டிருக்கும். அதே இடத்தில் அதைப் போலவே படர்ந்து கிடக்கும் சித்திரப்பாலாடையைப் பிரித்தறியத் தண்டைக் கிள்ளிப் பார்க்க வேண்டும். பால் வடிந்தால் அது பருப்புக்கீரை அல்ல. சாரணையில் எதிரெதிராக நிற்கும் இரு இலைகளில் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கும். மூக்கிரட்டையின் இலை மேலே பச்சையாகவும் அடியில் வெளிறியும் இருக்கும். அதன் காய்கள் உடையில் ஒட்டிக்கொள்ளும். புளியாரைக்கு இதய வடிவில் மூன்று மூன்றாக இலைகளும் சிறு மஞ்சள் பூவும் உண்டு.

உண்ணக் கூடாதவற்றையும் இதே அக்கறையோடு கற்க வேண்டும். இளம் பருவத்தில் காரட் இலையைப் போலத் தரையில் வட்டமாக விரிந்திருக்கும் பார்த்தீனியம், 1955இல் புணேயில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டு நாடெங்கும் பரவிய நச்சுக் களை. அதைத் தொட்டாலே பலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் வருகின்றன. ஊமத்தை பெரும்பாலும் குப்பைமேட்டில் கீரைகளின் நடுவிலேயே முளைக்கிறது. பூசைக்காக நாம் விரும்பி வளர்க்கும் அரளியும் தங்க அரளியும் பூவிலிருந்து வேர் வரை நஞ்சு. ஆகவே கீரை பறிக்கும் கூடையிலும் பூசைக்குப் பூப்பறிக்கும் கூடையிலும் எடுப்பவற்றை எங்கள் வீட்டில் ஒருபோதும் கலப்பதில்லை. ஐயம் எழுந்த செடியை உண்ணாமல் விடுவதே முறை; கைப்பேசியில் படம் எடுத்துப் பெயர் தேடும் செயலிகளை மட்டும் நம்பி எதையும் சமைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எங்கள் கொங்குச் சமையலில் இந்தக் கீரைகளைத் தனித்தனியாகப் பிரிப்பதை விட ஒன்றாகக் கலந்து கடைவதே வழக்கம். கலவையில் பாதிக்கு மேல் குப்பைக்கீரையும் பண்ணைக்கீரையும் இருந்தால் கடைசல் குழைவாக வரும். தொய்யக்கீரை அதற்குத் திடம் கொடுக்கிறது, பருப்புக்கீரை லேசான புளிப்பைத் தருகிறது. மூக்கிரட்டையை ஒரு பிடிக்கு மேல் சேர்ப்பதில்லை. சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், ஒரு தக்காளி ஆகியவற்றோடு மண்சட்டியில் மூடாமல் வேகவைத்தால் பச்சை நிறம் மங்காது. தண்ணீரை இறுத்துத் தனியே வைத்துக்கொண்டு, உப்பிட்டு மத்தால் கடைந்து, தேவையான அளவு மட்டும் அந்நீரைச் சேர்த்து, கடுகும் வரமிளகாயும் தாளித்துக் கொட்ட வேண்டும். மிக்சியில் அரைத்தால் அது விழுதாகிவிடும். கடைந்த கீரையில் இலையின் இழை நாவில் தட்டுப்பட வேண்டும். ராகிக்களிக்கும் கம்பஞ்சோற்றுக்கும் இதைவிடப் பொருத்தமான துணையை நான் உண்டதில்லை.

நல்வேளையைப் பற்றிச் சற்று விரிவாக எழுதியாக வேண்டும். உள்ளங்கை போல விரிந்த ஐந்து சிற்றிலைகளும், நீண்ட மகரந்த இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும் வெண்பூக்களும், கசக்கினால் கடுகு போன்ற காரநெடியும் உடைய செடி இது. புறநானூற்றின் 215ஆம் பாடலில் கோப்பெருஞ்சோழன், வேளையின் வெண்பூவைத் தயிரில் இட்டு ஆய்மகள் ஆக்கிய புளிங்கூழை அவரை கொய்பவர்கள் வயிறார உண்ணும் நாட்டைப் பாடுகிறான். சிறுபாணாற்றுப்படையிலோ, பசியால் வாடிய ஒரு பாணர் குடும்பம் குப்பையில் முளைத்த வேளையைக் கிள்ளி, உப்புக்கும் வழியின்றி வேகவைத்து, பிறர் பார்த்துவிடுவார்களோ என்று நாணிக் கதவை அடைத்துக்கொண்டு உண்கிறது. ஒரே செடி ஓரிடத்தில் உழைப்பவர்கள் கூடி உண்ணும் உணவாகவும், மற்றோரிடத்தில் மறைத்து உண்ண வேண்டிய வறுமையாகவும் நிற்கிறது. அந்த நாணம் இன்னும் நம்மை விட்டு நீங்கவில்லை என்று நினைக்கிறேன். காட்டுக்கீரை உண்பதை வெளியில் சொல்லக் கூசும் குடும்பங்களை நான் அறிவேன்.

நான் நல்வேளையைத் தயிரோடுதான் சமைக்கிறேன். இளங்கொழுந்தையும் பூவையும் உப்பு நீரில் வேகவைத்து, கசப்பு இறங்கிய அந்நீரைக் கொட்டிவிட்டு, பிழிந்து எடுத்ததைக் கெட்டித் தயிரில் கலந்து வரகுச் சோற்றோடு பிசைகிறேன். கென்யாவின் மேற்குப் பகுதி மக்களும் இதே செடியை அன்றாடக் கீரையாகப் பயிரிட்டு உண்கிறார்கள்; கசப்பைத் தணிக்க அவர்கள் பால் சேர்க்கிறார்கள். இவ்வளவு தொலைவில் வாழும் இரண்டு மக்கள் ஒரே கசப்புக்கு ஒரே மருந்தைக் கண்டுபிடித்திருப்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி தருகிறது.

இந்த அறிவைப் பெரும்பாலும் காத்து வந்தவர்கள் களையெடுக்கும் பெண்கள். வரிசை பிடித்துக் களை வெட்டும்போதே உண்ணத் தக்கதை மடியில் சேர்த்து, மாலையில் வீட்டுக்குக் கொண்டு போவார்கள். களைக்கொல்லி தெளிக்கும் வயல்காடுகளில் அந்த வேலையும் இல்லை, அந்தக் கீரையும் இல்லை. எது கீரை, எது களை என்று பிரித்தறியும் கண்ணும் அவற்றோடு குறைந்து வருகிறது. எங்கள் ஊர்ச் சந்தையில் கலவைக்கீரை விற்க வரும் ஓர் அக்காவிடம் நான் கீரை வாங்கும்போதெல்லாம் ஒவ்வொரு தழையின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்கிறேன். அவரும் சலிக்காமல் சொல்கிறார். பக்கத்துக்குப் பக்கம் பெயர் மாறுவதால் காய்ந்த தழையையும் ஏட்டில் ஒட்டி வைக்கிறேன்.

எங்கிருந்து பறிக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். சாக்கடை ஓரம், வாகனங்கள் ஓடும் சாலை ஓரம், மருந்து அடித்த வயலின் வரப்பு, பழைய பேட்டரியும் பெயின்ட்டும் கொட்டிய இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்; குப்பைக்கீரை இனம் மண்ணிலுள்ள கன உலோகங்களை இழுத்துக்கொள்ளக் கூடியது. பருப்புக்கீரையில் ஒமேகா-3 வகைக் கொழுப்பு அமிலம் மற்றக் கீரைகளை விட மிகுதி என்பது அதன் சிறப்பு. அதே சமயம் அதிலும் சாரணையிலும் புளியாரையிலும் ஆக்சாலிக் அமிலம் நிறைய உண்டு. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இம்மூன்றையும் விலக்க வேண்டும். மற்றவர்களும் இவற்றைத் தனியாகச் சமைக்கும்போது வேகவைத்த நீரைக் கொட்டிவிட்டு, தயிர் அல்லது மோர் சேர்த்து உண்பது நல்லது. தயிரிலுள்ள சுண்ணாம்புச் சத்து அந்த அமிலத்தைக் குடலிலேயே பிணைத்து, உடலில் சேரும் அளவைக் குறைக்கிறது.

ஆனி வந்தால் பறிப்பதை நிறுத்தி, ஒவ்வொரு வகையிலும் சில செடிகளை விதைக்கு விட்டுவிடுகிறேன். பண்ணைக்கீரையின் இளஞ்சிவப்புக் கதிர்கள் வெளுத்துக் காய்ந்ததும் அறுத்து, பளபளக்கும் கருவிதைகளைக் கிணற்றடிப் பாத்தியின் ஓரத்தில் உதிர்க்கிறேன். நல்வேளையின் நெற்றுகள் வெடிப்பதற்கு முன் காகிதப் பையைக் கவிழ்த்துக் கட்டி விதையைச் சேகரித்து, கேட்பவர்களுக்குக் கொடுக்கிறேன். மூக்கிரட்டைக்கு என் உதவி தேவைப்படுவதில்லை. ஆழமான கிழங்கு வேரிலிருந்து அது மழை வந்ததும் தானே துளிர்த்துவிடும்.