குஞ்சோடு நிற்கும் விரால்

வன்னியில் குளத்து மீன்பிடிச் சங்கங்களோடு வேலை செய்யும் எங்களிடம் விரால் முறைப்பாடாகத்தான் வந்து சேரும். "நீங்கள் விட்ட குஞ்சையெல்லாம் விரால் திண்டு முடிச்சிட்டுது." மாரி மழையில் நிரம்பிய பருவகாலக் குளங்களில் கட்லா, றோகு என்ற வளர்ப்பு மீன்களின் குஞ்சுகளை விட்டுச் சில கிழமை போனதும் இந்தப் பேச்சு எழும். அதில் பொய்யில்லை. சின்ன மீன், தவளை, இறால் என்று அசைவதையெல்லாம் பாய்ந்து விழுங்குகிற சாதி அது. அதனால்தான் விடுகிற குஞ்சு விரல் நீளத்துக்காவது வளர்ந்திருக்க வேண்டும் என்று நிற்கிறோம். ஆனால் விராலைக் குளத்தின் எதிரியாக்குவதை என்னால் ஏற்க முடியாது. திலாப்பியா 1950களில் வெளியிலிருந்து வந்தது. விரால் இந்தக் குளங்களுக்கே உரியது.

முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு சிறு குளத்தின் அலைகரையில் அதை மிகக் கிட்டப் பார்த்தேன். தாமரை இலைகளுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் செம்மஞ்சளாகத் துடித்தது. "கிட்டப் போகாதை பிள்ளை, தாய் நிக்குது" என்றார் சங்கத்து ஐயா. நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒன்றாக மேலே வந்து மூச்செடுத்து ஒன்றாக இறங்கின. ஐயா தடியை மெல்ல நீட்டினார். அடியிலிருந்து கரிய முதுகொன்று கிளம்பித் தடியில் அடித்துவிட்டு அதே இடத்தில் போய் நின்றது. தாய் என்று சொன்னாலும் தகப்பனும் காவல் நிற்கும். மற்ற நாளில் ஆள் நிழல் விழுந்தாலே புல்லுக்குள் மறையும் விரால், குஞ்சோடு நிற்கும்போது விலகாது. இறங்கினால் காலிலும் வந்து மோதும்.

தூண்டிற்காரருக்கு இது நன்றாகத் தெரியும். குஞ்சுக் கூட்டத்துக்கு மேல் தவளையைக் கோர்த்து ஆட்டினால் போதும். பசியில்லாவிட்டாலும் விரட்டுவதற்கென்றே கவ்வும். பெரியது கரைக்கு வந்த பிறகு அந்தக் குஞ்சுகள் கெளிறுக்கும் நீர்க்காகத்துக்கும் இரைதான்.

விரால் காற்றைக் குடித்து வாழும் மீன். வலையில் சிக்கி மேலே வர முடியாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்துச் சாகும். அதே மூச்சுத்தான் கோடையில் அதைக் காப்பாற்றுகிறது. குளம் வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்துக் கிடக்கும். கரப்புக் கூடையும் கையுமாக ஊரே இறங்கும் அந்த நாட்களில் சேற்றைத் தடவிப் பிடிப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கும் சத்திரசிகிச்சை முடித்து வந்தவருக்கும் விரால் தேடுகிற ஊர்களில் நல்ல விலை வேறு.

பிடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செங்குஞ்சோடு நிற்பதற்குத் தூண்டில் போடாதீர்கள், வற்றிய மடுவில் பெரிய இரண்டையாவது விட்டுவையுங்கள் என்றுதான் கூட்டங்களில் கேட்கிறேன். "நாங்கள் விட்டாலும் வெளியாள் வந்து பிடிப்பான், அவனை ஆர் மறிக்கிறது?" என்று இளம் பெடியன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. குளத்தைச் சுற்றி வயலில் நிற்பவர்களின் கண் இல்லாமல் சங்கத்தால் மட்டும் அது முடியாது. அடுத்த கூட்டத்துக்கு விவசாயிகளின் கமக்கார அமைப்பையும் கூப்பிட்டிருக்கிறோம்.