மடிப்பாக்கத்திலிருந்து சேலையூருக்கு 74 நாள்

மடிப்பாக்கத்தில் நின்றிருந்த ஒரு பி.எம்.டபிள்யூ 320டி எங்கள் சேலையூர் வீட்டு வாசலுக்கு வந்து சேர 74 நாள் ஆனது. தூரம் என்று பார்த்தால் அரை மணி நேரம்கூட இல்லை. ஜூன் 8 ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கொடுத்தேன், ஆகஸ்ட் 21 வியாழக்கிழமை சாவி வாங்கினேன். நடுவில் என்னென்ன நடந்தது என்று கேட்டவர்கள் நிறையப் பேர், அதனால் முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

ஏன் இந்த வண்டி என்பதை முதலில் சொல்ல வேண்டும். எனக்குச் சொந்த ஊர் சிங்கப்பெருமாள் கோயில். 2007-ல் பக்கத்திலேயே மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பி.எம்.டபிள்யூ தொழிற்சாலை வந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். இந்த 320டி அடங்கிய 3 சீரிஸ் அங்கே பாகங்களைப் பூட்டித் தயாரிக்கப்படுகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, ஜி.எஸ்.டி. சாலையில் கார் ஏற்றிய டிரெய்லர் போனால் திரும்பிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. நம்ம ஊரில் பூட்டிய வண்டி, நம்மால் வாங்க முடியாது என்ற நினைப்பு பல வருஷம் இருந்தது. புதுசு இன்றைக்கும் முடியாது. எட்டு வருஷம் ஓடிய வண்டி என்றால் கணக்கு கைக்கு எட்டியது.

நான்கு மாதம் தேடினேன். விலை குறைவாகக் கண்ணில் பட்டதெல்லாம் டில்லி வண்டி. அங்கே 10 ஆண்டு தாண்டிய டீசல் கார்களுக்குத் தடை இருந்ததால் அந்த வயதை நெருங்கும் வண்டிகள் தெற்கே வந்துகொண்டிருந்தன. வண்டி நன்றாகவே இருக்கலாம், ஆனால் அங்கிருந்து தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, தமிழ்நாட்டு எண் போடும் வரை ஆகும் செலவையும் அலைச்சலையும் கூட்டினால் விலையில் கிடைத்த லாபம் கரைந்துவிடும். அதனால் சென்னையில் பதிவான வண்டி, ஒரே ஓனர், இது இரண்டும் இருந்தால்தான் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

மடிப்பாக்கம் வண்டி அப்படி அமைந்தது. 2017 மாடல், 62,000 கிலோமீட்டர், ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவருடையது. போனில் பேசும்போதே நான் கேட்ட ஒரே விஷயம், நாங்கள் வருவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்பதுதான். இந்த டீசல் இன்ஜினில் டைமிங் செயின் (வால்வுகள் திறந்து மூடும் நேரத்தைச் சரியாக வைக்கும் சங்கிலி) பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அதில் தேய்மானம் வந்துவிட்டால் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்காமல் வேலை பார்க்க முடியாது, செலவு லட்சங்களில் போகும். குளிர்ந்த இன்ஜினை முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது வரும் சத்தம்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். காலை ஆறரைக்கே போய்விட்டோம். அப்பா முப்பது வருஷம் அம்பாசிடர் ஓட்டியவர், வணக்கம் சொல்வதற்கு முன்பே பானெட்டில் கையை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. சத்தமும் சுத்தம்.

அடுத்தது வெள்ளம். சென்னையில் பழைய கார் வாங்குகிறவர் எதை விட்டாலும் இதை விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 2015 டிசம்பர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், இரண்டிலும் தண்ணீரில் நின்ற கார்கள் எத்தனை என்று நம் எல்லோருக்கும் தெரியும். இந்த மாடலில் பேட்டரியே டிக்கியில், தரை மட்டத்தில் இருக்கிறது. தண்ணீர் ஏறியிருந்தால் முதலில் அங்கேதான் தடயம் நிற்கும். ஈக்காட்டுத்தாங்கலில் இந்த வகை வண்டிகள் மட்டும் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவரை அழைத்துப் போயிருந்தேன். அவர் டிக்கி அட்டையைத் தூக்கி பேட்டரிக் குழியைத் தடவினார், நான்கு சீட் பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துப் பார்த்தார் (சேறு படிந்த கோடு அங்கேதான் மிஞ்சும், யாரும் அதுவரை இழுத்துக் கழுவுவதில்லை), சீட்டுக்கு அடியில் ரெயிலில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்தார். ஒன்றும் இல்லை.

"மிக்ஜாம் அப்போ வண்டி எங்க சார் இருந்தது?" என்று அப்பா நேராகவே கேட்டார்.

"வேளச்சேரி பாலத்து மேல. மழை வரும்னு சொன்ன அன்னைக்கே ஏத்திட்டேன். ரெண்டு நாள் கழிச்சு இடுப்பளவு தண்ணியில நடந்து போய்த்தான் பார்த்தேன்" என்றார் ஓனர். அந்தப் பதிலில்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது.

பிறகு ஒர்க்‌ஷாப்பில் ஏற்றி முழுசாகப் பார்த்தோம். கம்ப்யூட்டர் போட்டு மீட்டரில் இருக்கும் கிலோமீட்டரும் வண்டியின் மற்ற மாட்யூல்களில் (உள்ளே இருக்கும் சின்னச் சின்ன கம்ப்யூட்டர்கள்) பதிவான கிலோமீட்டரும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்தார் அண்ணன். மீட்டரை மட்டும் திருத்துகிறவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். முன்பக்க சஸ்பென்ஷனில் ஆர்ம் புஷ் என்ற ரப்பர் பாகம் இரண்டு போயிருந்தது. டயர் இரண்டில் 1419 என்று அச்சாகியிருந்தது, அதாவது 2019-ன் 14-வது வாரம் தயாரித்தது. பட்டன் (தரையைத் தொடும் வரிப் பகுதி) நன்றாக இருந்தாலும் ஆறு வயது டயர். பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயர் விலை அதிகம், வண்டியில் ஸ்டெப்னியும் கிடையாது, அதனால் மாற்றியே ஆக வேண்டும். இதையெல்லாம் எழுதிக் காட்டி 17.25 லட்சத்திலிருந்து 16.4 லட்சத்துக்குப் பேசி முடித்தோம். ஐம்பதாயிரம் அட்வான்ஸ்.

இதுவரை நடந்தது பத்து நாள் வேலை. காத்திருப்பு இதற்குப் பிறகுதான்.

ஆர்.சி.யில் (பதிவுச் சான்று) ஹெச்.பி., அதாவது வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற குறிப்பு, இருந்தது. 2022-ல் மகள் கல்யாணத்துக்காக ஓனர் வண்டி மேல் கடன் வாங்கியிருந்தார், இன்னும் 3.85 லட்சம் பாக்கி. இதை அவரே முதல் நாள் சொல்லிவிட்டார், நானும் அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தேன். பணத்தை அவரிடம் கொடுத்து அவர் கடனை அடைப்பது ஒரு வழி. நாங்கள் அப்படிச் செய்யவில்லை. பாக்கித் தொகைக்குக் கடிதம் வாங்கி, அந்தத் தொகையை நானே கடன் கணக்குக்கு நேராக ஆர்.டி.ஜி.எஸ். செய்தேன். பத்திரத்தாளில் ஒப்பந்தம் எழுதி, எந்தத் தேதியில் எவ்வளவு, எந்தக் கணக்குக்கு என்று எல்லாம் குறித்து இருவரும் கையெழுத்துப் போட்டோம். அவருக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை, "இப்படித்தான் செய்யணும் தம்பி" என்றார்.

கடன் கொடுத்த நிறுவனம் 15 வேலை நாளில் கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி.யும் ஹெச்.பி.யை நீக்குவதற்கான ஃபாரம் 35-ம் வரும் என்றது. ஜூலை 3 அன்று வந்தது. நான் ஆர்.சி.யைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தேன். வண்டியின் அடையாளமான சேஸிஸ் எண்ணில் 17 எழுத்து. ஆங்கில 'B' இருக்க வேண்டிய இடத்தில் 8 என்று இருந்தது.

ஒரே ஓர் எழுத்துதான். ஆனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அது வேறு வண்டி. போன் செய்தால் கிளைக்குப் போ என்றார்கள், கிளைக்குப் போனால் தலைமை அலுவலகத்துக்கு மெயில் போடு என்றார்கள், மெயில் போட்டால் தானாக ஒரு பதில் எண் வந்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவர் பெயரில்தான் கடன் என்பதால் ஒவ்வொரு முறையும் அவரும் வர வேண்டியிருந்தது. அறுபத்தைந்து வயதில் மூன்று முறை வெயிலில் வந்தார். எனக்குக் கோபம் வந்ததெல்லாம் அந்தச் சமயத்தில்தான். அவர்கள் செய்த தவறு, அலைந்தது நாங்கள்.

அந்த நாட்களில்தான் அவர் சொன்னார்: "வண்டி சும்மாதானே நிக்குது, நீங்க எடுத்துட்டுப் போங்க. பேப்பர் வரும்போது வரட்டும்." நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கும் எடுத்துப் போக ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் ஓனர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நான் ஓட்டி ஏதாவது விபத்து நடந்தால் நஷ்ட ஈட்டு வழக்கு அவர் வீட்டுக்கு வரும். வண்டிக்கு அடி பட்டாலும் பாலிசி அவர் பெயரில், எனக்கு க்ளெய்ம் கிடைப்பது கஷ்டம். இதை அவரிடம் விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை தோறும் போய், அவர் ஓட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்து, மேடவாக்கம் வரை ஒரு சுற்றுப் போய்விட்டு வருவோம். பேட்டரி இறங்காமல் இருக்க அது தேவையாகவும் இருந்தது. வண்டியைப் பற்றி ஒர்க்‌ஷாப் ரிப்போர்ட்டில் இல்லாத பல விஷயங்களை அந்த ஞாயிறுகளில் தெரிந்துகொண்டேன்.

திருத்திய என்.ஓ.சி. ஜூலை 19-ல் வந்தது. அதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

"ஆடியில வண்டி வாசலுக்கு வரக் கூடாது" என்றார் அம்மா. நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். "பேப்பர் வேலை எது வேணா பண்ணிக்கோ. வண்டி ஆவணியில வரட்டும்." அம்மா எதையும் அடிக்கடி கேட்பவர் இல்லை, அதனால் அப்படியே ஆகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆடியைப் பேப்பர் மாதம் ஆக்கிக்கொண்டோம். பெயர் மாற்ற ஃபாரம் 29, 30, ஹெச்.பி. நீக்க ஃபாரம் 35, புகைச் சான்று எல்லாம் சேர்த்து ஆன்லைனில் போட்டோம். ஓ.டி.பி. பதிவில் இருக்கும் செல்போன் எண்ணுக்குத்தான் போகும், அவர் எண்ணை மாற்றியிருந்தார், அதை முதலில் புதுப்பிக்க வேண்டியிருந்தது. நோ பார்க்கிங் அபராதம் இரண்டு நிலுவையில் இருந்தது, அவரே கட்டிவிட்டார். விண்ணப்பம் ஏற்கப்பட்ட அன்று ஒரு லட்சம் மட்டும் நிறுத்திவைத்து மீதிப் பணத்தை அனுப்பினேன். இன்சூரன்ஸில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் செய்யாத வருஷங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) வண்டிக்குச் சொந்தமில்லை, ஆளுக்குத்தான். அவருடைய 50 சதவீதம் எனக்கு வராது. என் பழைய ஸ்விஃப்ட்டை விற்றபோது வாங்கி வைத்திருந்த போனஸ் கடிதம் இப்போது கைகொடுத்தது. பாலிசியை 14 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும், அதையும் முடித்தேன்.

ஆர்.சி. கார்டை இப்போது அலுவலகத்தில் கையில் தருவதில்லை, ஸ்பீட் போஸ்ட்டில்தான் வருகிறது. ஆகஸ்ட் 11, தபால்காரர் கையெழுத்துக் கேட்டார். கார்டில் என் பெயர். ஹெச்.பி. இடம் காலி. சேஸிஸ் எண்ணை மறுபடி எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டு, நிறுத்திவைத்திருந்த ஒரு லட்சத்தை அன்றைக்கே அனுப்பினேன்.

ஆவணி முதல் வாரம், வியாழன் காலை. டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதினோம், 9.40. அதற்கு முந்தைய அபராதம் ஏதும் வந்தால் அவருடையது, பிந்தையது என்னுடையது. பழைய ஃபாஸ்டேக்கை அவர் என் எதிரிலேயே க்ளோஸ் செய்தார், அதைச் செய்யாமல் நான் புதிது வாங்க முடியாது. இரண்டாவது சாவியையும் சர்வீஸ் பில்களையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தார். அவர் மனைவி கீழே இறங்கி வந்து ஸ்டீயரிங்கில் குங்குமம் வைத்தார்.

வண்டி கேட்டைத் தாண்டும்போது அவர் கண்ணாடியைத் தட்டினார். இறக்கினேன்.

"உங்க தெருவில தண்ணி நிக்குமா?"

"நிக்காது சார், மேடு."

"இருந்தாலும் அக்டோபர்ல மழைன்னு சொன்னா காத்திருக்காதீங்க. உடனே பாலத்துல ஏத்திடுங்க."

ஏற்றிவிடுகிறேன் என்று சொன்னேன். பக்கத்து சீட்டில் இருந்த அப்பா, செம்பாக்கம் வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே சிக்னலில் நின்றபோதுதான், "வீட்டுக்கு முன்னாடி கொஞ்சம் நிறுத்து, கடைசித் திருப்பம் நான் ஓட்டறேன்" என்றார். வாசலில் அம்மா நான்கு எலுமிச்சம்பழத்தோடு நின்றுகொண்டிருந்தார்.