ஹூஸ்டன் ஏரோஸ்: கேஸ் ஸ்டடி எழுதப்போகிறவர்களுக்கு

ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் படிக்கிறவர்கள் கேஸ் ஸ்டடிக்கு எந்த அணியை எடுக்கலாம் என்று கேட்டால், நான் எடுத்த ஹூஸ்டன் ஏரோஸையே சொல்வேன். டெக்சாஸ் வெயிலில் 1972 முதல் 1978 வரை ஆடிய ஐஸ் ஹாக்கி அணி. ஆறே சீசன், இரண்டு கோப்பை, அப்புறம் மூடுவிழா. ஒரு பேப்பருக்கு அளவான கதை.

தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். இதே பெயரில் 1994 முதல் 2013 வரை இன்னொரு அணி ஹூஸ்டனில் ஆடியது. 2003-இல் கால்டர் கோப்பை (இரண்டாம் நிலை லீக்கின் கோப்பை) வென்றது அந்த அணிதான். நமக்கு வேண்டியது டபிள்யூ.எச்.ஏ. (வேர்ல்ட் ஹாக்கி அசோசியேஷன்) என்ற, 1972-இல் தொடங்கிய புது லீக்கில் ஆடிய முதல் அணி.

கதையின் நடுநாயகம் கோர்டி ஹோவ். டெட்ராய்ட் அணியின் பழைய நட்சத்திரம். ஓய்வு பெற்றிருந்தவர், 1973-இல் 45 வயதில் மகன்கள் மார்க், மார்ட்டியோடு சேர்ந்து ஆட வந்தார். பாசம் என்பதோடு நிறுத்தாமல் விதியையும் பாருங்கள். பையன்களுக்கு அப்போது 18, 19 வயது. 20 வயதுக்குக் கீழே இருந்தவர்களை வட அமெரிக்காவின் பெரிய, பழைய லீக்கான என்.எச்.எல். எடுக்கவில்லை, புது லீக் அந்த இடைவெளியில் புகுந்தது. கோச் பில் டினீன், டெட்ராய்டில் ஹோவோடு ஆடிய பழைய சகா. முதல் சீசனிலேயே அப்பா 100 புள்ளி (கோலும், கோலுக்கு உதவியதும் சேர்த்து) எடுத்து லீக்கின் சிறந்த வீரர், மார்க் சிறந்த புதுமுகம். 1974-இல் சிகாகோவையும் 1975-இல் கியூபெக்கையும் இறுதிச் சுற்றில் நான்கு ஆட்டத்திலும் வென்று 4-0 என்று துடைத்து எடுத்தார்கள்.

பழைய செய்தித்தாள்களை மைக்ரோஃபிலிமில் பார்க்கப் போகிறவர்கள் பொடி எழுத்து ஸ்கோர் பட்டியலில் நிதானமாக இருங்கள். ஹோவ் மூன்று பேர், அதில் மகன்கள் இருவர் பெயரும் 'மா'வில்தான் தொடங்கும். அப்போது மார்க் முன்கள வீரர், மார்ட்டி தடுப்பாட்டக்காரர் என்பதை ஓரமாகக் குறித்து வையுங்கள்.

சரி, ஏன் மூடினார்கள்? "வெயில் ஊரில் யார் ஐஸ் ஹாக்கி பார்ப்பார்கள்" என்று வகுப்பில் பாதிப் பேர் எழுதுவார்கள். எழுதாதீர்கள். குளிர் ஊர்களான சிகாகோவிலும் மினசோட்டாவிலும் இதே லீக்கின் அணிகள் ஏரோஸுக்கு முன்பே மூடிவிட்டன. நோய் லீக்கில் இருந்தது. 1977-இல் ஹோவ் குடும்பம் நியூ இங்கிலாந்து அணிக்குப் போனது, என்.எச்.எல்.லில் ஏரோஸுக்கு இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் பலிக்கவில்லை. 1979-இல் டபிள்யூ.எச்.ஏ. என்.எச்.எல்.லோடு இணைந்தபோது எட்மன்டன், வின்னிபெக், கியூபெக், நியூ இங்கிலாந்து மட்டுமே உள்ளே போயின. டபிள்யூ.எச்.ஏ.வின் சாம்பியன் கோப்பையான அவ்கோ கோப்பையை வென்ற நான்கு அணிகளில் வெளியே நின்றது ஹூஸ்டன் மட்டும். என் வாதத்தை இதன் மேல்தான் கட்டினேன்.

வைவாவில் "அப்படியென்றால் 1978-இல் நீங்கள் முதலாளி, என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார்கள். இன்னும் ஒரு வருடம் நஷ்டம் தாங்குவது, வீரர்களை விற்றுவிட்டு வெளியேறுவது, இரண்டுக்கும் கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.