ரோஸ் நிறத்தில் வந்த பிளாஸ்மா

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கக் கிராமங்களில் பீடி சுற்றும் பெண்கள் அதிகம். பீடியை வாயில் வைத்தே பார்க்காதவர்களுக்கும் ஐம்பது வயதில் இழுப்பு வந்துவிடுகிறது. விறகடுப்புப் புகை பெரிய காரணம். டாக்டர் சீட்டில் சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று எழுதியிருக்கும். அவர்கள் ரத்தத்தில் எந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. கூடுகிறது, எது குறைகிறது என்று பார்ப்பதுதான் என் பிஎச்.டி. வேலை.

நெறிமுறைக் குழு அனுமதி வாங்கியதும் ஒப்புதல் படிவத்தோடு கிராமத்துக்குப் போனேன். ஒரு பாட்டி கேட்டார்: "அந்தக் குட்டி ஆர்.என்.ஏ. இன்னா பண்ணும் கண்ணு?" ஏஜென்ட் அனுப்பும் சீட்டு வந்தால்தானே இலையும் தூளும் தருவார்கள், வழியிலேயே அந்தச் சீட்டை ஒருத்தர் மடக்கி வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்றேன். "வேலை நின்னுபூடும்" என்றார். அதேதான். மரபணு அப்படியே இருக்கும். அதிலிருந்து கிளம்பும் தூது ஆர்.என்.ஏ.வில் சுமார் 22 எழுத்து நீளமுள்ள இந்தத் துண்டு போய் ஒட்டிக்கொள்ளும், புரதம் உருவாவது குறையும். 1993-இல் இதைப் புழுவில் கண்டறிந்ததற்காக விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ரவ்கனும் 2024-இல் நோபல் பரிசு பெற்றார்கள். பாட்டி விளங்கிக்கொண்டுதான் கைநாட்டு வைத்தார்.

மூச்சுப் பரிசோதனை எளிது. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் மருந்தைக் கொடுத்து 15 நிமிடம் கழித்து ஊதச் சொல்ல வேண்டும். முதல் நொடியில் வெளிவரும் காற்று, மொத்தக் காற்றில் 0.7 பங்குக்குக் கீழே இருந்தால் அடைப்பு. ரத்தம்தான் படுத்தி எடுத்துவிட்டது.

34 நோயாளிகள், 30 ஆரோக்கியமானவர்கள். பிசிஆர் முடிவில் நோயாளிகளிடம் மைக்ரோ ஆர்.என்.ஏ. 21 என்ற வகை தெளிவாகக் குறைந்திருந்தது. நுரையீரல் தழும்பு நோயில் அது கூடும் என்று படித்திருந்தேன். புதிதாக ஏதோ கிடைத்துவிட்டது என்று இரண்டு நாள் தூக்கமே வரவில்லை.

மூன்றாம் நாள் ஃப்ரீசரிலிருந்து குழாய்களை எடுத்து வெளிச்சத்தில் வரிசையாக வைத்தேன். ஆரோக்கியமானவர்களின் பிளாஸ்மா, அதாவது அணுக்களை நீக்கிய ரத்தத் திரவம், வைக்கோல் நிறம். நோயாளிகளுடையது பாதிக்கு மேல் இளம் ரோஸ், இரண்டு குழாய்களில் நன்றாகவே சிவப்பு. சிவப்பணு உடைந்திருக்கிறது. ஒப்பீட்டுக்கு நான் வைத்திருந்தது மைக்ரோ ஆர்.என்.ஏ. 16. அது சிவப்பணுவுக்குள் ஏராளமாக இருப்பது. அணு உடைந்தால் அது ஏறும், அதோடு ஒப்பிடும்போது மற்றதெல்லாம் இறங்கியதுபோலத் தெரியும். நான் பார்த்த வித்தியாசம் நோயால் வந்ததென்று இனி சொல்ல முடியாது.

சரி, நோயாளிகளுக்கு மட்டும் ஏன் உடைந்தது? ஆரோக்கியமானவர்களுக்குக் கல்லூரியிலேயே, ரத்தத்தைச் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜுக்குப் பத்தடி தள்ளி ரத்தம் எடுத்தோம். நோயாளிகளின் குழாய்கள் ஐஸ் கட்டிமேல் படுத்தபடி, குண்டும் குழியுமான சாலையில் பைக்கில் வந்தன. நரம்பு கிடைக்காதபோது மெல்லிய ஊசியில் சிரிஞ்சை வலித்து இழுத்தோம், அதே ஊசி வழியாகவே குழாய்க்குள் பீய்ச்சினோம். அன்றைக்கு யாருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. இது என்னை இன்றும் உறுத்துகிறது, ஏனென்றால் முடிவு பார்க்க அழகாக இருந்தது. குழாயைக் கண்ணால் பார்க்காமல் இருந்திருந்தால் அப்படியே எழுதி அனுப்பியிருப்பேன்.

முதல் தொகுதி முழுவதையும் ஒதுக்கினேன். அப்புறம் ஊரிலேயே ஒரு திண்ணையில் சிறிய சென்ட்ரிஃபியூஜ் வைத்தோம். கரண்ட் போகும் என்பதால் இன்வெர்ட்டர். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்து, உலர்பனியில் வைத்து வேலூருக்குக் கொண்டுவந்தோம். ஆரோக்கியமானவர்களுக்கும் அதே திண்ணை, அதே ஊசி. மைனஸ் 80-இல் வைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் 414 நானோமீட்டர் ஒளியில் அளந்தோம்; உடைந்த சிவப்பணுவின் ஹீமோகுளோபின் அந்த ஒளியை உறிஞ்சும். பிறகு சிவப்பணுவில் மிகுந்திருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. 451-ஐயும், அணு உடைந்தாலும் அவ்வளவாக மாறாத 23ஏ-யையும் ஒப்பிட்டோம். பிசிஆரில் ஒன்று தென்பட எத்தனை சுழற்சி ஆகிறது என்பதுதான் சுழற்சி எண்; இரண்டின் சுழற்சி எண் வித்தியாசம் 7-ஐத் தாண்டினால் அந்த மாதிரி வேண்டாம்.

மறுபடி ரத்தம் கேட்டுப் போக எனக்குக் கூச்சமாக இருந்தது. முன்பு எடுத்ததை நான் சரியாகப் பாதுகாக்கவில்லை என்று பாட்டியிடம் நேராகவே சொன்னேன். சுற்றிக்கொண்டிருந்த பீடிக்கு நூல் கட்டி முடித்து, முறத்தை நகர்த்தி வைத்துவிட்டுக் கையை நீட்டினார். "இந்த வாட்டி மெதுவா எடு."

அன்று பிரித்த பிளாஸ்மா வைக்கோல் நிறத்தில் இருந்தது. வித்தியாசம் 5.2.